மாட்டுக் கொட்டத்து அடுப்பு

தமுக்குச் சத்தம் முதலில் என் காதில் கல்யாணக் கொட்டாகத்தான் விழுந்தது.

பழங்காநத்தத்தில், நாங்கள் வாங்கப்போகிற வீட்டின் வாசலில், ஜட்கா வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கை வண்டிக் கம்பியில், இன்னொரு கை வயிற்றில். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்பு. ஆடி கழிந்த கையோடு யாரோ கல்யாணம் வைத்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு தெரு முனையைப் பார்த்தேன். மாலையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. தமுக்கு அடிப்பவன் ஒருவன், அவன் பின்னால் கோர்ட்டு அமீனா, அமீனாவின் பின்னால் கொட்டாங்குச்சியில் பசையைக் கலக்கிக்கொண்டே வரும் சேவகன்.

மூன்று பேரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வீடு என்றுதான் அப்போதே எனக்கு வாயில் வந்தது, இன்னும் பத்திரம் பதியவில்லை.

அமீனா காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். வீடு, மனை, கிணறு, மாட்டுக் கொட்டம், வாசலில் நின்ற முருங்கை வரைக்கும் கோர்ட்டு ஜப்தி செய்திருக்கிறது. சடையாண்டி என்பவர் இவற்றை யாருக்கும் விற்கக் கூடாது, யாரும் வாங்கவும் கூடாது. படித்து முடித்ததும் தமுக்கை மறுபடியும் அடித்தார்கள். சேவகன் கதவில் பசை தடவிக் காகிதத்தை ஒட்டினான். அந்தப் பசையின் புளித்த நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"என்ன மச்சான் இது?" என்றேன். என் வீட்டுக்காரர் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் குதிரையைப் பார்க்க, நான் வீட்டைப் பார்த்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது. ஆனால் கொல்லைப்பக்கம் மாட்டுக் கொட்டத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அமீனா கைநாட்டு வாங்க அந்தப் பக்கம் போனார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கொட்டத்தின் ஒரு மூலையில் கல் கூட்டி அடுப்பு எரிந்தது. சடையாண்டி அண்ணனின் மனைவி பேச்சியம்மா கம்பங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். புகை அமீனாவின் கண்ணில் ஏறி, மனிதர் இருமித் தீர்த்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கொட்டத்தில் சமைக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? எங்களிடம் அச்சாரம் வாங்கிக்கொண்டு, வீட்டை வேறு யாருக்கோ வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். அன்று என் புத்தி அப்படித்தான் ஓடியது.

இரண்டு கெட்ட மாதங்கள்

போன வாரம் இந்தத் தொடரில், கோரிப்பாளையத்து தர்கா பக்கம் எங்கள் கூட்டுக் குடும்பத்து வீட்டில் குளிக்கப் போகவும் முறை, சமைக்கவும் முறை, சண்டை போடவும் முறை என்று இருந்ததைச் சொன்னேன். அந்த வீட்டில் எங்கள் பங்கை விற்றுத்தான் பழங்காநத்தத்து வீட்டுக்குப் பணம் சேர்த்தோம்.

என் வீட்டுக்காரருக்குப் பூட்டு வியாபாரம். பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு, பெட்டிக் கொண்டி எல்லாம் வைத்திருந்தார். சடையாண்டி அண்ணன் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி. மாட்டுத் தரகு செய்ய வசதியாக இருக்கட்டும் என்று அவருடைய தகப்பன் காலத்தில் பழங்காநத்தத்தில் வீடு கட்டி வந்தவர்கள். மைத்துனன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் நின்று மாட்டிக்கொண்டார். மைத்துனன் கப்பல் ஏறிவிட்டான். வீட்டை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தில் ஊர்ப்பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி ஒதுங்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆனி மாதக் கடைசியில், எங்கள் கடையில் உட்கார்ந்து, ஸ்டாம்பு காகிதத்தில் கிரய ஒப்பந்தம் எழுதினார்கள். எழுதியவர் எதிர்க்கடைக்காரர். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி.

மறுவாரமே பதிந்திருக்கலாம். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடி போகட்டும் பாய். ஆடியில வீடு கைமாத்துனா ரெண்டு பேருக்கும் ஆகாது" என்றார் சடையாண்டி அண்ணன்.

"அதுக்கென்னண்ணே, போகட்டும்" என்றார் எங்கள் பூட்டுக்காரர்.

ஆடி முடிந்தது. அதற்குள் எங்களுக்குச் சபர் மாதம் வந்துவிட்டது. சபரில் புது வீடு, புதுத் துணி, புது முடிச்சு எதுவும் கூடாது என்று என் மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டார். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசல் அஜரத்து சொல்லிப் பார்த்தார். மார்க்கத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும், மருமகள் வயிற்றை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாமியார்.

"அதுக்கென்ன பாய், உங்க மாசமும் போகட்டும்" என்றார் சடையாண்டி அண்ணன், பெருந்தன்மையாக.

ஒருவர் மாதத்துக்கு ஒருவர் மரியாதை செய்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கடன் கொடுத்தவருக்கு ஆடியும் கிடையாது, சபரும் கிடையாது. அவர் போய் வழக்குப் போட்டு, தீர்ப்பு வரும்வரை வீடு கைமாறாமல் இருக்க ஜப்தி உத்தரவையும் வாங்கிவிட்டார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் நல்லவர்கள், என் மருந்துச் சீட்டுக்கு இன்றும் அவர்கள் கடைதான். தெற்குவாசல்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவிழ்க்காத மூட்டைகள்

விற்ற வீட்டில் இருக்க முடியாது, வாங்கிய வீட்டுக்குப் போக முடியாது. நடுவில் எங்கே இருப்பது?

முதலில் என் நாத்தனார் மைமூன் மதினி வீட்டின் பின்கட்டில் இருந்தோம். என் மகன் அங்கேதான் பிறந்தான். மதினி நல்லவர், ஆனால் அவர் வீட்டில் பானையை நகர்த்தினாலும் பதில் சொல்ல வேண்டும். பிறகு கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்கு வந்தோம். இரும்புத் துருவின் வாசனை பிள்ளையின் தொட்டில் துணியில்கூட ஏறியிருந்தது. அப்புறம் ஆற்றோரம் ஒரு வாடகை வீடு. வைகையில் தண்ணீர் வந்தால் வாசலில் தவளை, வராவிட்டால் வாசலெல்லாம் மணல்.

எங்கே போனாலும் பெரிய மூட்டைகளை நான் அவிழ்க்கவில்லை. என் சீர்ப் பாத்திரங்கள், ஜமுக்காளம், சந்தனக் கிண்ணம் எல்லாம் கட்டினபடியே இருந்தன. தேவைப்பட்டதை மூட்டையின் வாய்வழியே கைவிட்டுத் துழாவி எடுப்பேன். "அவுத்துத்தான் வையேன் புள்ள" என்பார் என் வீட்டுக்காரர். "பழங்காநத்தத்துல அவுக்குறேன்" என்பேன். அவர் முகம் சுருங்கிவிடும். அது தெரிந்தும் சொல்வேன்.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை. வாய்தா தேதி நெருங்கினால் சோறு இறங்காது, தள்ளிப்போனால் தூக்கம் வராது. அதுவும் அந்த வழக்கில் வாய்தாவுக்குப் பஞ்சமே இல்லை.

என் அத்தாவுக்கு ஒருமுறை மாட்டுச் சந்தையில் ஒரு எருமைத் தகராறு வந்தது. இரண்டு பக்கத்தாரையும் ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்து, சர்பத் வாங்கிக்கொடுத்து, சர்பத் தீர்வதற்குள் முடித்துவிட்டார். எருமை யார் பக்கம் போனது என்பது எனக்கு நினைவில்லை. சர்பத்தில் கிடந்த நன்னாரி வாசனைதான் நினைவிருக்கிறது. என் வழக்குக்கு அப்படி ஒரு புளியமரம் கிடைக்கவில்லை.

ஒப்பந்தப்படி கிரயம் முடித்துத்தர வேண்டும் என்று நாங்கள் வழக்குப் போட்டிருந்தோம். சடையாண்டி அண்ணனும் தெற்குவாசல்காரரும் எதிர்க்கட்சி. எங்கள் வக்கீல் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒப்பந்தம் முந்தியது, ஜப்தி பிந்தியது என்று நிரூபித்துவிட்டால் வீடு எங்களுக்கு. ஆனால் தெற்குவாசல்காரர் தரப்பில் என்ன சொன்னார்கள்? ஒப்பந்தமே பொய். ஜப்தி ஆனபிறகு கடனை ஏய்ப்பதற்காக இரண்டு பேரும் கூடி, பழைய தேதி போட்டு எழுதிக்கொண்டது. எழுதியவர் எதிர்க்கடை, சாட்சி சொந்தத் தம்பி, வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வெளியாள் ஒருவர்கூட அந்தக் காகிதத்தில் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் ஊருக்கே பூட்டு விற்றவர், தன் காரியத்தைத் திறந்து போட்டுவிட்டார்.

இதில் சடையாண்டி அண்ணன் வாயே திறக்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. ஒப்பந்தம் பொய்தான் என்று அவர் சாட்சி சொல்லிவிட்டால், தெற்குவாசல்காரர் வீட்டை ஏலத்தில் எடுத்து, அவரையே அங்கே குடியிருக்க விடுவதாக ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். பழங்காநத்தம் முழுக்க அந்தப் பேச்சு. என் காதுக்கும் வந்தது. ஒரு பொய் சொன்னால் அவர்களுக்கு வீடு. உண்மை சொன்னால் எங்களுக்கு வீடு.

மகாலில் ஒரு நாள்

அப்போது மதுரையில் கோர்ட்டு நாயக்கர் மகாலில்தான். கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், அவற்றின் தலையில் புறாக்கள், கீழே கறுப்புக் கோட்டுக்காரர்கள். வெளியே மனு எழுதுகிறவர்கள், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள், தோற்றவர்கள், ஜெயித்தவர்கள். யார் தோற்றவர், யார் ஜெயித்தவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே மாதிரி களைத்துப்போய்த்தான் வெளியே வருவார்கள்.

சாட்சி விசாரணை அன்று நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். என்னைக் கூண்டு வண்டியில் படுதா கட்டிச் சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனார். மகன் அப்போது நடக்க ஆரம்பித்திருந்தான். வண்டிக்குள் அவனைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு.

படுதா இடுக்கில் பார்த்தால், எதிரே வேப்பமர நிழலில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்க்காதது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நானும் படுதாவை இழுத்துவிட்டேன். எதிர்க்கட்சி அல்லவா.

மதியம் கோர்ட்டு கலைந்தபோது என் வீட்டுக்காரர் சோற்றுத் தூக்குக்காக வந்தார்.

"அமீனாவ விசாரிச்சாங்க. ஒண்ணுமில்ல. நோட்டீசு யாருகிட்ட குடுத்தன்னு நம்ம வக்கீலு கேட்டாரு. வீடு பூட்டியிருந்துச்சு, மாட்டுக் கொட்டத்துல அந்தம்மா சமைச்சுக்கிட்டு இருந்துச்சு, அங்கனதான் குடுத்தேன்னாரு. இன்னும் அந்தப் பொகைய நெனச்சு இருமுறாரு மனுசன்."

"யாருக்கு வாடகைக்கு விட்டாங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

"வாடகைக்கு விடலையாம் புள்ள. வீடு காலியாத்தான் கெடக்காம். அதுவும் அமீனாவே சொன்னாரு."

அவர் சாப்பிட ஆரம்பித்தார். என் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. வீடு காலியாக இருக்கிறது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் இவர்கள் மாட்டோடு மாடாகக் கொட்டத்தில் கிடக்கிறார்கள். சொந்த வீட்டில் சமைக்க யார் தடை சொன்னது?

அதற்கு மேல் என்னால் வண்டியில் இருக்க முடியவில்லை. மகனை அவர் மடியில் போட்டுவிட்டு, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். "எங்க போற?" என்று அவர் கேட்பதற்குள் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேச்சியம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஏன் கொட்டத்துல சமைக்கிறீக?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது தெரியாமலா தாயி கோர்ட்டுக்கு வந்தீக?"

"தெரியாதுக்கா."

"வீட்டுச் சாமிய எடுத்துட்டோம்ல. எடுத்த வீட்டுல எப்பிடி ஒல வைக்கிறது?"

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். அவர்கள் வீட்டு மூலையில் ஒரு சாமி உண்டு. அவர்கள் வம்சத்தில் கன்னியாக இறந்துபோன ஒரு பெண். வீட்டை விற்றால் அந்த மூலையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, பொங்கல் வைத்து, பந்தல் போட்டுத் தெருவுக்கே சோறு போட்டு, சாமியைக் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். பிடிமண் எடுத்த பிறகு அந்த வீட்டில் அவர்கள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. வாங்கினவர்கள்தான் பற்றவைக்க வேண்டும்.

"எப்ப எடுத்தீக?"

"ஒங்க கடையில கையெழுத்துப் போட்டுட்டு வந்த மூணாம் நாளு. ஆடியில எடுக்கக் கூடாதுல்ல, அதான் வெரசா எடுத்தோம். மண்ணு இன்னும் கொட்டத்து உத்தரத்துலதான் தொங்குது. கொண்டுபோயி வைக்க ஒரு எடம் அமையல."

ஜப்திக்கு ஒரு மாதம் முன்பே, தெரு மொத்தமும் வந்து சாப்பிட்டிருக்கிறது. தெற்குவாசல்காரரின் கணக்குப்பிள்ளைகூட வந்து இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனானாம். எங்களுக்கு மட்டும் தெரியாது. நாங்கள் ஓதி அறுத்ததைச் சாப்பிடுகிறவர்கள், சாமி சோற்றுக்குக் கூப்பிட்டால் சங்கடப்படுவோம் என்று கூச்சப்பட்டுக் கூப்பிடாமல் விட்டிருக்கிறார்கள். அங்கேயும் மரியாதைதான் எங்களைக் கெடுத்தது.

நான் எழுந்தேன். அவள் என் துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்தாள்.

"ஒங்க வக்கீலுகிட்ட சொல்லப் போறீகளா?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாக்கா, சொல்லத்தான் போறேன்."

அவள் பிடித்த ஓரத்தை விடவில்லை. நான் நின்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கையை உதறிக்கொண்டு போய்த்தான் இருப்பேன். எனக்கு அந்த வீடு வேண்டும். அவ்வளவு வெறி இருந்தது.

"சொல்லுங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரருகிட்ட கேக்காட்டி, கேக்கலைல்லன்னு சும்மா இருந்துருவாரு. அம்புட்டுத்தான் மனுசன். கேட்டா மறைக்க மாட்டாரு. சாமி விசயத்துல அவரு வாயில பொய் வந்துறக் கூடாது தாயி. அப்பறம் அந்த மண்ண நான் எங்க கொண்டுபோயி வைப்பேன்?"

"அதான் வித்தாச்சே"

பிற்பகல் நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் கேட்டேன். ஆனால் நேரில் பார்த்தது போலவே இருக்கிறது, அத்தனை முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சடையாண்டி அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஒப்பந்தத்தைக் காட்டி, இதை எப்போது எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "ஞாபகம் இல்லைங்க" என்றார். தெற்குவாசல்காரர் வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாராம். அப்போது எங்கள் வக்கீல் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஏன் மாட்டுக் கொட்டத்தில் சமைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அண்ணன் திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"பிடிமண் எடுத்துட்டோமுங்க."

"எப்போது?"

"ஆடி பெறக்குறதுக்கு முந்தி."

"எதற்காக எடுத்தீர்கள்?"

"அதான் வித்தாச்சே, பாய்க்கு" என்றார்.

தெற்குவாசல்காரரின் வக்கீல் எழுந்து குறுக்கே குறுக்கே கேட்டுப் பார்த்தார். கணக்குப்பிள்ளை குடித்த பாயசம்தான் வெளியே வந்தது. அதோடு உட்கார்ந்துவிட்டார்.

புகை

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பாக்கிப் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அது அப்படியே கடனுக்குப் போய்விட்டது. சடையாண்டி அண்ணன் கைக்கு ஒன்றும் வரவில்லை. ஊர்ப்பக்கம் வாங்க நினைத்த நிலமும் இல்லை, தெற்குவாசல்காரர் விடுவதாகச் சொன்ன குடியிருப்பும் இல்லை. வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சொந்தக்காரரின் தோட்டத்தில் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழப் போவதாகச் சொன்னார்கள்.

நாங்கள் குடிபோன அன்று காலையில்தான் அவர்களும் கிளம்பினார்கள். எங்கள் வண்டி வந்து நின்றபோது அவர்கள் வண்டி ஏற்றியாகிவிட்டது. பேச்சியம்மாவின் கையில் மஞ்சள் துணி கட்டிய சின்னக் கலயம். அதுதான் அந்த மண் என்று தெரிந்துகொண்டேன்.

நான் கனவு கண்ட நாள் அது. என்னாலோ அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. எது சொன்னாலும் அந்த வீட்டைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை என்பது எனக்கே தெரியும்.

அவள்தான் பேசினாள்.

"உள்ள போயி அடுப்பப் பத்த வைங்க தாயி. இம்புட்டு நாளா அடுப்பு எரியாம கெடக்குது வீடு. ஓட்டு மேல பொக வாரதப் பாத்துட்டுத்தான் நாங்க வண்டி ஏறணும்."

நான் உள்ளே ஓடினேன். ஆட்கள் குடியில்லாத வீட்டின் புழுதி வாசனை, ஒட்டடை, சுவரில் பல்லி. அவர்கள் சாமி இருந்த மூலையில் ஒரு பிடி அளவுக்குச் சின்னப் பள்ளம். அதைத் தாண்டிப்போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். அடுப்பு வைக்க வேண்டுமானால் பாத்திரம் வேண்டும். மூட்டையின் முடிச்சு இத்தனை நாளில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன், வரவில்லை. மாமியாரிடமிருந்து அரிவாள்மனையை வாங்கி அறுத்தேன். சீர்ப் பாத்திரங்கள் உருண்டு தரையெங்கும் ஓடின. விறகு ஈரம். தீக்குச்சி ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தது. மாமியார் துஆ ஓதி முடித்துவிட்டு, "மெல்ல, மெல்ல" என்கிறார். வெளியே அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். கடைசியில் மூட்டை கட்டியிருந்த பழந்துணியைக் கிழித்து அடுப்பில் திணித்தேன்.

பற்றிக்கொண்டது. புகை முதலில் என் கண்ணுக்குத்தான் வந்தது. பிறகு மேலே ஏறி ஓட்டின் இடுக்கு வழியே வெளியே போனது.

உலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு வாய் கஞ்சியாவது குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாசலுக்கு ஓடிவந்தேன். அவர்கள் வண்டி தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கலயத்தை மடியில் அணைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.